கணிப்பொறி உலகின் மீகாமன்

தேர்வு நெருங்கிவிட்டால் நம்மில் பலர் பாடநூலை மூடிவைத்துவிட்டு, விடைகள் அச்சிட்ட நோட்ஸை நாடுகிறோம். கணக்கின் வழி புரியாவிட்டாலும் விடை வந்தால் போதும் என்று நினைக்கிறோம். இதற்கு நேர்மாறான வழியில் சென்று உயர்ந்த மென்பொருள் பொறியாளர் ஒருவரைப் பற்றி இங்கே காண்போம். முதலில் அவருடைய தொழில் எத்தகையது என்று பார்ப்போம்.

மேகமும் பெட்டியும்

நாம் கைப்பேசியில் எடுக்கும் படங்கள் 'மேகத்தில்' சேமிக்கப்படுவதாகச் சொல்கிறார்கள். அந்த மேகம் வானத்தில் இல்லை. பெரிய கட்டடங்களில் வரிசை வரிசையாக இரவும் பகலும் இயங்கும் கணிப்பொறிகளே அது. அமேசான் நிறுவனம் 2006ஆம் ஆண்டில் இத்தகைய கணிப்பொறிகளின் ஆற்றலைப் பிறருக்கு வாடகைக்கு விடத் தொடங்கியது.

ஒரு கணிப்பொறியில் நன்றாக ஓடும் மென்பொருள் மற்றொன்றில் ஓட மறுப்பதுண்டு. அதற்குத் துணையான கோப்புகள் அங்கே இல்லாமற்போவதே பெரும்பாலும் காரணம். இதைத் தீர்த்த முறை கப்பல் வணிகத்தை நினைவூட்டுகிறது. 1956இல் மால்கம் மக்லீன் என்னும் அமெரிக்கர், சரக்கு நிரப்பிய 58 பெரிய பெட்டிகளை நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு ஒரே கப்பலில் அனுப்பினார். மூட்டை மூட்டையாக ஏற்றி இறக்கும் வேலை மிச்சமாயிற்று. அதேபோல மென்பொருளையும் அதற்கு வேண்டியவற்றையும் ஒரே 'பெட்டி'யில் அடைத்து அனுப்பும் முறையை, 2013இல் வெளிவந்த டாக்கர் எங்கும் பரவச் செய்தது.

ஆயிரம் பெட்டிகளைக் கவனிக்க ஒரு மீகாமன் வேண்டாமா? 2014இல் கூகுள் நிறுவனம் குபெர்னெட்டீஸ் என்னும் மென்பொருளை அறிவித்தது. கிரேக்க மொழியில் அப்பெயருக்கு மீகாமன், அதாவது கப்பலைச் செலுத்துபவன் என்றே பொருள். ஒரு கணிப்பொறி பழுதானால், அதிலிருந்த பெட்டிகளின் வேலையை அது வேறொரு கணிப்பொறியில் தொடங்கி வைக்கும்.

கடினமான வழி

கெல்சி ஹைட்டவர் 1981இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பிறந்தவர். கல்லூரிப் படிப்பை அவர் முடிக்கவில்லை. தாமே படித்துத் தொழில் சான்றிதழ் ஒன்றைப் பெற்று, வீடுகளுக்கு இணைய இணைப்புக் கொடுக்கும் பணியில் சேர்ந்தார். படிப்படியாக உயர்ந்து 2015இல் கூகுளில் பொறுப்பேற்றார்.

குபெர்னெட்டீஸை எளிதில் நிறுவக் கருவிகள் உண்டு. ஆயினும் அவர், 'குபெர்னெட்டீஸ்: கடினமான வழி' என்று பொருள்படும் பாடம் ஒன்றை எழுதி, எல்லோருக்கும் இலவசமாக அளித்தார். அதில் குறுக்குவழி கிடையாது. ஒவ்வொரு பகுதியையும் கற்பவரே தம் கையால் நிறுவி, இணைத்து, சோதித்துப் பார்க்க வேண்டும். ஏன் இந்தச் சிரமம்? நள்ளிரவில் ஏதேனும் பழுதானால், கருவியை மட்டும் நம்பியவர் திகைத்து நிற்பார். கையால் கட்டியவரோ எங்கே தேடுவது என்று அறிவார். ஹைட்டவர் 2023இல், தம் 42ஆம் வயதில், கூகுளின் உயர்நிலைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றார்.

அன்புத் தோழியரே! கல்லூரி வேண்டாம் என்பது இக்கதையின் பொருளன்று. கல்லூரிக்குச் சென்றாலும் செல்லாவிட்டாலும், புரிந்து கற்றதே நம்முடன் வரும் என்பதே பொருள். வினா சற்றே மாறினால் நாம் விழிப்பது எதனால்? விடையை மட்டும் மனனம் செய்ததனால் அன்றோ! அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். இன்று மாலை நோட்ஸை மூடிவைத்து, ஒரு கணக்கையேனும் முதல் வரியிலிருந்து நாமே போட்டுப் பார்ப்போமா?