வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்க விண்ணப்பிக்கும் ஆசிரியரின் தன்விவரக் குறிப்பு

மாலத்தீவு, ஓமன், ஐக்கிய அரபு அமீரகம் முதலிய நாடுகளின் பள்ளிகளில் தமிழ்நாட்டு ஆசிரியர்கள் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகின்றனர். அவர்களுள் ஆங்கில ஆசிரியர்களும் உண்டு. நல்ல அனுபவம் இருந்தும் நேர்காணலுக்குக்கூட அழைக்கப்படாதவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுடைய கற்பித்தலில் குறை இல்லாதபோதும், அந்தக் கற்பித்தல் தன்விவரக் குறிப்பில் இடம்பெறாமல் போயிருக்கலாம். அதை எவ்வாறு இடம்பெறச் செய்வது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பயோடேட்டாவும் தன்விவரக் குறிப்பும்

நாம் வழக்கமாக எழுதும் பயோடேட்டாவில் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, மதம், திருமண நிலை, மதிப்பெண் விழுக்காட்டுடன் பட்டங்களின் அட்டவணை, தெரிந்த மொழிகள் ஆகியவை இருக்கும். இறுதியில் 'மேற்கண்டவை அனைத்தும் உண்மை' என்ற உறுதிமொழியும் கையொப்பமும் இருக்கும். நாம் யார் என்பதை இது சொல்கிறது. நம் வகுப்பறையில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்வதில்லை.

வெளிநாட்டுப் பள்ளியின் முதல்வர் தேடுவது மூன்று கேள்விகளுக்கான விடை. எந்த வயதுக் குழந்தைகளுக்குக் கற்பித்தீர்கள்? எப்படிக் கற்பித்தீர்கள்? அவர்கள் என்ன கற்றார்கள்? இரண்டு பக்கங்களுக்குள் இந்த மூன்றுக்கும் விடை கிடைக்க வேண்டும்.

பதவியின் பெயரை விளக்குங்கள்

நம் பதவிப் பெயர்கள் வெளிநாட்டவருக்குப் புரியாமல் போவது மட்டுமன்று, தவறாகவும் புரியக்கூடும். இடைநிலை ஆசிரியரை ஆங்கிலத்தில் 'செகண்டரி கிரேடு டீச்சர்' என்கிறோம். அவர் கற்பிப்பது தொடக்க வகுப்புகளுக்கு. பிரிட்டனிலோ 'செகண்டரி' என்றால் 11 வயதுக்கு மேற்பட்டோர் படிக்கும் பள்ளி. பட்டதாரி ஆசிரியரைக் குறிக்கும் 'பி.டி. அசிஸ்டென்ட்' என்ற பெயரைப் பார்ப்பவர், வேறோர் ஆசிரியருக்கு உதவியாக இருப்பவர் என்று நினைத்துவிடலாம்.

எனவே பதவிப் பெயரை எழுதி, அருகிலேயே விளக்கமும் தர வேண்டும். எடுத்துக்காட்டாக, '6 முதல் 10ஆம் வகுப்பு வரை, 11 முதல் 15 வயது மாணவர்களுக்கு ஆங்கிலப் பாடத்தின் முழுப்பொறுப்பாசிரியர்' என்று எழுதலாம்.

திட்டங்களின் பெயர்களுக்கும் இது பொருந்தும். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பணியாற்றியவர் பெயரை மட்டும் எழுதினால் பயனில்லை. '1 முதல் 3ஆம் வகுப்பு வரை, மாணவர்களை அரும்பு, மொட்டு, மலர் எனக் கற்றல் நிலைக்கேற்பப் பிரித்து, ஒவ்வொரு நிலைக்கும் தனிச் செயல்பாடுகள் அளித்தேன்' என்றால் எந்த நாட்டு ஆசிரியருக்கும் அது விளங்கும்.

கடமைகளை அல்ல, கற்றலை எழுதுங்கள்

'ஆங்கிலம் கற்பித்தேன், விடைத்தாள் திருத்தினேன், மன்ற விழாக்கள் நடத்தினேன்.' இவை எல்லா ஆசிரியர்களும் செய்பவை. கீழுள்ள மாதிரியைப் பாருங்கள்.

'7ஆம் வகுப்பு, 38 மாணவர்கள். ஜூனில் பாடநூலின் ஒரு பத்தியைத் தடையின்றி வாசித்தோர் 14 பேர். வாரம் மூன்று நாள் இருவர் இருவராக வாசிக்கும் பயிற்சி அளித்தேன். மார்ச்சில் 29 பேர் வாசித்தனர்.'

எண்கள் மாதிரிக்காகத் தரப்பட்டவை. உங்கள் எண்கள் உங்கள் பதிவேட்டிலிருந்து வர வேண்டும். பதிவு இல்லையெனில் ஊகித்து எழுத வேண்டாம். இந்தப் பருவத்திலேயே ஒரு வகுப்பில் தொடங்குங்கள். முதல் வாரம் ஒரு வாசிப்புச் சோதனை, பருவ இறுதியில் அதே சோதனை, இரண்டுக்கும் ஒரு குறிப்பேடு போதும்.

ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்துக் கற்பிப்பதும், வீட்டில் ஆங்கிலமே கேட்காத குழந்தைகளைப் பேச வைப்பதும் நமக்கு அன்றாட வேலை. குறிப்பில் எழுதத் தகுந்தவை என்று இவற்றை நாம் எண்ணுவதில்லை. உண்மையில் இவைதாம் நம் வலிமை.

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்றவர் என்பதும் குறையன்று. 'பென்சில்', 'பஸ்' என்ற ஆங்கிலச் சொற்களின் முதல் ஒலிகள் வேறுவேறு. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. அரபு நெடுங்கணக்கில் 'பென்சில்' என்பதன் முதல் ஒலிக்குரிய எழுத்தே இல்லை. ஆகவே நம் மாணவரும் அரபு மாணவரும் இவ்விரு ஒலிகளிலும் இடறுவர். அந்த வேறுபாட்டைத் தாமே பழகிக் கற்ற ஆசிரியருக்கு எங்கே பயிற்சி தேவை என்பது தெரியும். நீங்கள் செய்த அத்தகைய பயிற்சி ஒன்றை ஒரு வரியில் எழுதுங்கள்.

நாட்டுக்கு நாடு மாறும் வடிவம்

ஒரே குறிப்பை எல்லா நாடுகளுக்கும் அனுப்பக் கூடாது. பிரிட்டனுக்கு அனுப்பும் குறிப்பில் ஒளிப்படம், வயது, மதம், திருமண நிலை ஆகியவை வேண்டாம். வளைகுடா நாடுகளில் ஒளிப்படம் வைப்பது வழக்கம். ஜப்பானில் ஒளிப்படத்துடன் கூடிய, கட்டங்கள் போட்ட படிவமே மரபு.

இங்கிலாந்துப் பள்ளிகள் குழந்தைப் பாதுகாப்பு கருதிப் பணி இடைவெளிகளைக் கேட்டறியும். மகப்பேறு, உயர்கல்வி, குடும்பப் பொறுப்பு என எந்தக் காரணமானாலும் ஆண்டும் மாதமும் குறிப்பிட்டு ஒரு வரி எழுதிவிடுங்கள். நம் பணியை நேரில் அறிந்த இருவரின் பெயர்களை, அவர்களின் இசைவு பெற்றுச் சேர்க்க வேண்டும். அவர்களுள் ஒருவர் தற்போதைய தலைமையாசிரியராக இருப்பது நல்லது.

விண்ணப்பிக்கும் முன் தகுதி விதியைப் பாருங்கள். தென்கொரியா, உரையாடல் மொழி கற்பிப்போருக்கான இ-2 விசாவை ஆங்கிலம் பேசும் ஏழு நாடுகளின் குடிமக்களுக்கே பெரும்பாலும் வழங்குகிறது. எனினும் 2010இல் நடைமுறைக்கு வந்த இந்திய - கொரியப் பொருளாதார ஒப்பந்தம், ஆசிரியர் தகுதி பெற்ற இந்தியர் உதவி ஆங்கில ஆசிரியராகப் பணியாற்ற இடமளிக்கிறது.

சான்றுகள்

பெயர் முதலில். நம் சான்றிதழ்களில் தலைப்பெழுத்து இருக்கும். கடவுச்சீட்டில் அது விரித்து எழுதப்பட்டிருக்கும். தன்விவரக் குறிப்பில் கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள்.

ஆங்கிலத் திறனுக்கு 'சரளமாகப் பேசுவேன்' என்பது சான்றாகாது. ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வின் மதிப்பு 9 வரை அளவிடப்படுகிறது. அதன் முடிவைப் பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கே ஏற்பார்கள். ஆகவே தேர்வெழுதிய ஆண்டையும் குறிப்பிடுங்கள். கேம்பிரிட்ஜின் செல்டா பயிற்சி ஏறத்தாழ 120 மணி நேரம் கொண்டது. அதில் 6 மணி நேரம் உண்மையான மாணவர்களுக்குக் கற்பித்துக் காட்ட வேண்டும். கற்பித்தல் பயிற்சி இல்லாத இணையவழிச் சான்றிதழை அதற்கு இணையாக எழுதக் கூடாது.

பட்டச் சான்றிதழ்களுக்கு அரசின் சான்றொப்பம் தேவைப்படும். இந்தியா 2005 முதல் அப்போஸ்டில் உடன்படிக்கையில் உள்ளது. அதில் சேர்ந்த நாடுகளுக்கு நம் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் போதும். ஐக்கிய அரபு அமீரகம் போன்ற பிற நாடுகளுக்குத் தூதரகச் சான்றொப்பமும் வேண்டும். காவல்துறை நன்னடத்தைச் சான்றைக் கடவுச்சீட்டு அலுவலகம் வழியே பெறலாம்.

கூட்டி எழுதாதீர்கள்

மூன்று ஆண்டு அனுபவத்தை ஐந்தாக்கச் சொல்லும் முகவர்களும் உண்டு. பள்ளி நேரடியாகக் கேட்டுச் சரிபார்க்கும்போது பொய் வெளிப்பட்டால் வேலை மட்டுமன்றி விசாவும் போகும். வேற்று நாட்டில் அந்த நிலைக்கு ஆளாவது முகவர் அல்லர், ஆசிரியரே. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆளெடுக்கும் முகவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவை இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்கலாம். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இயங்குகிறது. அதன் அறிவிப்புகளையும் கவனித்து வரலாம். அரசுப் பணியில் இருப்போர் துறையின் முன் அனுமதி பெற்ற பின்னரே இம்முயற்சியில் இறங்க வேண்டும்.

ஒரு செயல்பாடு

குறுவள மையக் கூட்டத்தில் இதைச் செய்து பார்க்கலாம். ஒவ்வொருவரும் தம் வகுப்புகளுள் ஒன்றைத் தேர்ந்து ஐந்து வரிகள் எழுதட்டும்: மாணவர்களின் வயதும் எண்ணிக்கையும், தொடக்கத்தில் அவர்கள் இருந்த நிலை, ஆசிரியர் செய்தது, பருவ இறுதியில் கண்ட மாற்றம், இன்னும் எஞ்சியுள்ள குறை. பின்னர் தாள்களை மாற்றிக்கொண்டு, புரியாத சொல்லையும் ஆதாரமில்லாத வரியையும் அடிக்கோடிடுங்கள். வெளிநாடு செல்லும் எண்ணம் இல்லாதவர்களும் இதை எழுதலாம். நான்காம் வரி எழுத வராவிட்டால், அடுத்த பருவத்தில் எதைக் கவனித்துப் பதிவுசெய்ய வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.