இலங்கை உடன்பாடு: வடக்கு–கிழக்கு இணைப்பின் சட்ட அடித்தளம்

இலங்கையின் இனப் பிரச்சினைக்கு அரசியல் தீர்வு காண இந்தியா மேற்கொண்ட முயற்சிகளில் மிகக் கடினமாக விளங்கிய வினா ஒன்றுண்டு. வடக்கு, கிழக்கு மாகாணங்கள் ஒரே அலகாக அமையலாமா என்பதே அது. வடக்கில் தமிழர் பெரும்பான்மையினர். கிழக்கிலோ தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூன்று சமூகத்தினரும் கலந்து வாழ்கின்றனர். எனவே இணைப்பைத் தமிழ்க் கட்சிகள் வலியுறுத்தின. கொழும்பு அரசு தயங்கியது.

தொடக்க முயற்சிகள்

1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின் பிரதமர் இந்திரா காந்தியின் தூதராக ஜி. பார்த்தசாரதி கொழும்பு சென்றார். மாவட்ட சபைகள் ஒன்று சேர்ந்து வட்டார சபைகளாகலாம் என்னும் யோசனை அவரது முயற்சியால் உருவாயிற்று. எனினும் அது நிறைவேறவில்லை. 1985 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பூட்டானின் தலைநகர் திம்புவில் இரு சுற்றுப் பேச்சுகள் நடைபெற்றன. தனித் தேசிய இனம், தாயகம், சுயநிர்ணய உரிமை, அனைவருக்கும் குடியுரிமை ஆகிய நான்கு கோட்பாடுகளைத் தமிழர் தரப்பு முன்வைத்தது. முதல் மூன்றை அரசு ஏற்க மறுத்தது.

1987 உடன்பாடு

1987 ஜூலை 29 அன்று பிரதமர் ராஜீவ் காந்தியும் குடியரசுத் தலைவர் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் உடன்பாட்டில் கையொப்பமிட்டனர். இரு மாகாணங்களும் தற்காலிகமாக இணையும். 1988 டிசம்பர் 31க்குள் கிழக்கு மாகாண மக்கள் வாக்கெடுப்பின் வாயிலாக முடிவு செய்வர். அதனை ஒத்திவைக்கக் குடியரசுத் தலைவருக்கு அதிகாரம் உண்டு என்று வகுக்கப்பட்டது.

சட்டமும் நடைமுறையும்

அவ்வாண்டே அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் நிறைவேறியது. மாகாண சபைகள் தோன்றின; தமிழும் ஆட்சிமொழியாயிற்று. ஆனால் இணைப்போ வேறு வழியில் செயற்படுத்தப்பட்டது. ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட்டுச் சண்டை ஓய்ந்த பின்னரே இணைப்பு என மாகாண சபைச் சட்டம் நிபந்தனை விதித்திருந்தது. அந்நிலை ஏற்படாததால், அவசரகால விதியின் மூலம் நிபந்தனை மாற்றப்பட்டு, 1988 செப்டம்பரில் இணைப்பு பிரகடனம் செய்யப்பட்டது. வாக்கெடுப்பு ஆண்டுதோறும் ஒத்திவைக்கப்பட்டு வந்தது. நாடாளுமன்றச் சட்டத்தை அவ்வாறு மாற்ற இயலாது என்று கூறி, 2006 அக்டோபர் 16 அன்று உச்ச நீதிமன்றம் இணைப்பைச் செல்லாததாக்கியது. 2007 ஜனவரி 1 முதல் இரு மாகாணங்களும் பிரிந்தன.

படிப்பினை

அரசியலமைப்பில் இடம்பெற்ற மாகாண சபை முறை நிலைத்தது. அவசரகால விதியை நம்பிய இணைப்பு பதினெட்டு ஆண்டுகளில் மறைந்தது. எனினும் சட்ட வடிவம் மட்டும் போதுமானதன்று. நிலம், காவல் துறை ஆகியவற்றின் அதிகாரங்கள் மாகாணங்களுக்கு முழுமையாகக் கிட்டவில்லை. 2019க்குள் எல்லா மாகாண சபைகளின் பதவிக் காலமும் முடிவுற்றது. உரிய காலத்தில் புதிய தேர்தல்கள் நடைபெறவில்லை. இரு அரசுகள் செய்துகொள்ளும் உடன்பாடு, உள்நாட்டுச் சட்டமாகி, நாள்தோறும் நடைமுறையில் பேணப்பட்டால்தான் மக்களுக்குப் பயன் தரும் என்பதை இவ்வரலாறு தெளிவாக்குகிறது.