பழைய காருக்கு மீண்டும் குளிர்ச்சி

பல்லாண்டு ஓடாதிருந்த கார் குளிர்சாதனத்திற்கு 'கேஸ் அடித்தால்' போதும் என்று எண்ணுவோர் பலர். அது தவறு, தோழர்களே! குழாய்க்குள் புகுந்த ஈரமே முதற்பகை. விரிவு வால்வில் அது பனிக்கட்டியாய் உறைந்து வழியடைக்கும். வாயுவோடு சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும்.

ஆகவே ரப்பர் வளையங்களையும் டிரையரையும் மாற்றியபின், வெற்றிடப் பம்பினால் காற்றை இழுக்கிறோம். அழுத்தம் குறையக் குறைய நீரின் கொதிநிலை இறங்கும். 25 பாகையிலேயே நீர் கொதித்து ஆவியாய் வெளியேறும்.

வைட்ஃபீல்டில் என் அறைத்தோழரின் 1992ஆம் ஆண்டு மாருதிக்கு இதைச் செய்தபோது, மானியின் முள் ஏறத்தாழ 27 அங்குலத்தில் நின்றுவிட்டது. "முப்பது வரவில்லை, கசிகிறது, கண்டென்சரை மாற்றுங்கள்" என்றார் மெக்கானிக். சென்னையில் காற்றழுத்தம் பாதரச அளவில் ஏறக்குறைய 30 அங்குலம். கடல்மட்டத்திற்குச் சுமார் 900 மீட்டர் மேலுள்ள வைட்ஃபீல்டிலோ 27தான். இருப்பதற்கு மேல் எதை இழுப்பது? பம்பை நிறுத்தி அரைமணி நேரம் பார்த்தோம், முள் அசையவில்லை. கண்டென்சர் பிழைத்தது, தோழரின் உதவித்தொகையும் பிழைத்தது! (சென்னையில் அதே 27 காட்டினால் நம்பாதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கியிருக்கும்.)

அக்காரில் முன்பிருந்த ஆர்-12 வாயு ஓசோனைக் கெடுப்பது. 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி 2010க்குள் இந்தியாவிலும் கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக ஆர்-134ஏ நிரப்பினோம். பழைய கனிம எண்ணெய் இதனுடன் கலவாது. பம்பைப் பூட்டுமுன்பே அதை வடித்துவிட்டு எஸ்டர் எண்ணெய் ஊற்றவேண்டும். இல்லையேல் கம்ப்ரசர் வறண்டு இறுகிவிடும்.