ஓர் உயிரணுவின் நீளம்

பள்ளிச் சட்டையின் ஓரத்தில் தொங்கும் நூலைப் பிரித்துப் பார்த்தால், மெல்லிய இழைகள் பல சேர்ந்து முறுக்கப்பட்டிருப்பது தெரியும். அது முழுப் பருத்திச் சட்டையாக இருந்தால், அந்த இழைகள் ஒவ்வொன்றும் ஒரே ஓர் உயிரணு. பெரும்பாலான உயிரணுக்களைக் காண நுண்ணோக்கி தேவை. பருத்தி இழையோ ஏறக்குறைய 3 சென்டிமீட்டர்வரை நீள்கிறது. அதன் நீளம் அகலத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேல்!

இவ்விழை உண்மையில் ஒரு தாவர உரோமம். வெண்டைக்காயைத் தடவினால் விரலில் படும் மென்மையான உரோமத்தை எல்லாரும் அறிவர். வெண்டையும் பருத்தியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த செடிகள். இலையிலும் தண்டிலும் வளரும் உரோமம் பூச்சிகளைத் தடுக்கவும், நீர் வீணாகாமல் காக்கவும் உதவுகிறது. பருத்திச் செடியில் விதையின் தோலிலும் உரோமம் முளைக்கிறது. அதுவே பஞ்சு.

மலேசியாவில் ‘கெக்காபு’ எனப்படும் இலவமரத்தின் பஞ்சும் பார்வைக்கு இதைப்போன்றதே. ஆனால், அது விதையில் முளைப்பதில்லை. காயின் உட்சுவரில் வளர்கிறது. அது வழவழப்பாக இருப்பதால் நூலாக நூற்பது கடினம். எனவே, தலையணைக்குள் அடைக்கப்படுகிறது.

பருத்திப் பூ மலரும் நாளையொட்டி இழையின் வளர்ச்சி தொடங்குகிறது. விதையாக மாறவிருக்கும் சூலின் புறத்தோலில் உள்ள உயிரணுக்களுள் ஏறத்தாழ நான்கில் ஒன்று மட்டும் சிறு குமிழ்போல மேலெழும்புகிறது. மற்றவை அப்படியே தங்கிவிடுகின்றன. எழும்பிய உயிரணுக்குள் நீர் புகுந்து, அதன் சுவரை உள்ளிருந்து தள்ளுகிறது. இழை நீள்கிறது. வேகம் மிகுந்த காலத்தில் அது ஒரே நாளில் 2 மில்லிமீட்டர்வரை வளரும். இரண்டு மூன்று வாரங்களில் இந்த ஓட்டம் நின்றுவிடும். அந்த நாள்களில் செடி நீரின்றி வாடினால் இழை குட்டையாகிவிடும். பின்னர் எவ்வளவு நீர் பாய்ச்சினாலும் இழந்த நீளம் திரும்பாது. அதன்பின் சுவரில் செல்லுலோஸ் படிந்து தடிக்கிறது. காய் வெடிக்கும்போது உயிரணு இறந்து, உலர்ந்து, தட்டையாகி, நாடாவைப்போல் முறுக்கிக்கொள்கிறது. இந்த இயற்கை முறுக்கினால்தான் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நூலாகின்றன.

நான்கு உயிரணுக்களுள் ஒன்றுக்கு மட்டும் ‘நீ வளர்’ என்று கட்டளையிடுவது எது? இதற்கான முதல் தடயம் பருத்தியிடமிருந்து கிடைக்கவில்லை. அராபிடாப்சிஸ் என்னும் சிறு களைச்செடியின் இலைகளில் உரோமம் உண்டு. அச்செடியின் ஒரு குறிப்பிட்ட மரபணு பழுதானால் இலை வழவழப்பாகிவிடும். ஆய்வாளர்கள் அந்த மரபணுவிற்குக் ‘கிளாப்ரா’ எனப் பெயரிட்டனர். லத்தீன் மொழியில் அச்சொல்லுக்கு ‘உரோமமற்றது’ என்று பொருள். உரோமத்தை வளர்க்கும் மரபணுவிற்கு உரோமமற்றது என்று பெயர்! ஒரு மரபணு கெட்டால் என்ன நேர்கிறதோ, அதையே அதற்குப் பெயராக வைப்பது இத்துறையினரின் வழக்கம்.

கிளாப்ரா, ‘மிப்’ என்னும் பெரிய மரபணுக் குடும்பத்தைச் சேர்ந்தது. இக்குடும்பத்து மரபணுக்கள் விளக்கின் விசையைப்போல மற்ற மரபணுக்களை இயக்குபவை. 2004ஆம் ஆண்டில் சீன ஆய்வாளர்கள், ஆசியப் பருத்தியிலிருந்து எடுத்த ஒரு மிப் மரபணுவை உரோமமற்ற அராபிடாப்சிஸ் செடிக்குள் செலுத்தினர். வழவழப்பான இலையில் மீண்டும் உரோமம் முளைத்தது. இயல்பாக உரோமமே வளராத அதன் விதைகளிலும்கூடச் சிலவற்றில் ஒற்றை உரோமம் தோன்றியது.

அப்படியானால், இலைக்கும் விதைக்கும் ஒரே விசைதானா? 2011ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பருத்திச் செடியிலேயே ஒரு மிப் மரபணுவைச் செயலிழக்கச் செய்தனர். விதைகள் பஞ்சின்றி மொட்டையாகின. இலைகளிலோ உரோமம் வழக்கம்போல் இருந்தது. அராபிடாப்சிஸ் காட்டிய வழி சரியானதே. எனினும், பருத்தி தன் விதைக்கெனத் தனி விசையொன்றை வைத்திருக்கிறது.

இந்தக் கண்டுபிடிப்பு வயலுக்கும் தேவைப்படுகிறது. பருத்தி விதையில் இருவகை இழைகள் உள்ளன. நீண்ட இழை நூலுக்குப் பயன்படும். சில நாள் பிந்தி முளைக்கும் குட்டையான இழை, ஆலையில் பஞ்சைப் பிரித்த பிறகும் விதையை விட்டுப் போவதில்லை. இதனால் விதைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இந்திய உழவர்கள் அவற்றைச் சாணக் கரைசலில் புரட்டி உலர்த்தி விதைப்பதுண்டு. விதை நிறுவனங்கள் அமிலத்தால் குட்டை இழையைக் கரைக்கின்றன. குட்டை இழை இல்லாத செடியே கிடைத்தால் இந்த வேலை மிச்சமாகும். அத்தகைய செடிகளும் உள்ளன. ஆனால், அவற்றுள் சிலவற்றில் நீண்ட இழையும் குறைந்துபோகிறது. இரண்டையும் தொடங்கி வைக்கும் மரபணுக்கள் அந்த அளவுக்குப் பின்னிக் கிடக்கின்றன.

ஆயினும், அவற்றைப் பிரிக்கவே முடியாது என்று கூறிவிட இயலாது. பிமா பருத்தியின் விதையில் குட்டை இழை மிகக் குறைவு. அதன் நீண்ட இழையோ உலகின் உயர்தரப் பஞ்சுகளுள் ஒன்று. இப்போது பயிர் ஆய்வாளர்கள் இருவகைச் செடிகளைக் கலந்து விதைத்து, நாற்று முளைத்த சில நாள்களிலேயே ஓர் இலைத்துண்டைக் கிள்ளி மரபணுவைச் சோதிக்கின்றனர். விதை மொட்டையாக இருக்குமா என்பதை அந்த இலைத்துண்டு சொல்லிவிடும். பஞ்சு எவ்வளவு உறுதியானது என்பதை அறிய மட்டும், காய் வெடிக்கும்வரை அவர்கள் இன்னும் காத்திருக்கத்தான் வேண்டியிருக்கிறது.