புரோகிரெசிவ் கண்ணாடி வாங்கும் முன் அறிய வேண்டியவை

நாற்பது வயதைக் கடந்தோர் பலரும் நாளிதழைக் கைநீட்டிப் பிடித்துப் படிப்பதைக் காண்கிறோம். ஊசியில் நூல் கோப்பதும், மாத்திரை அட்டையில் உள்ள சிறு எழுத்தைப் படிப்பதும் கடினமாகின்றன. இதனை வெள்ளெழுத்து என்றும் சாளேசுவரம் என்றும் வழங்குவர். இது நோயன்று. கண்ணுக்குள் இருக்கும் இயற்கை லென்ஸ் இளமையில் நெகிழ்வாக இருந்து, அருகிலுள்ள பொருளைப் பார்க்கும்போது தானே தடித்துக் கொடுக்கிறது. வயது ஏற ஏற அது இறுகிவிடுவதால், அருகுப் பார்வைக்கு வெளியிலிருந்து கூடுதல் பவர் தேவைப்படுகிறது. ஏறத்தாழ 45 வயதில் 1.00 முதல் 1.50 வரை தேவைப்படும் இந்தக் கூடுதல் பவர், அறுபது வயதில் 2.50 வரை உயரும்.

இந்நிலையில் கண்ணாடிக் கடைக்குச் செல்பவரிடம், "புரோகிரெசிவ் போட்டுக்கொள்ளுங்கள்" என்று கூறப்படுகிறது. விலையோ சில ஆயிரம் ரூபாயில் தொடங்கிப் பல பத்தாயிரம் ரூபாய் வரை செல்கிறது. வாங்கிய பின் தலைசுற்றல், படியிறங்கத் தயக்கம், கழுத்து வலி எனக் கூறி, கண்ணாடியைப் பெட்டியிலேயே வைத்துவிடுவோரும் உண்டு. இவர்களுள் பலருக்குக் கண்ணிலும் குறையில்லை, லென்ஸிலும் குறையில்லை. பொருத்தமற்ற தேர்வும் தவறான அளவுமே காரணம். அவற்றை எவ்வாறு தவிர்ப்பது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மூவகைக் கண்ணாடிகள்

முதல் வகை, படிப்பதற்கு மட்டும் அணியும் கண்ணாடி. விலை குறைவு, பார்வைப் பரப்பு அகலம். ஆனால் தலைநிமிர்ந்து தொலைவில் பார்த்தால் மங்கும்.

இரண்டாம் வகை பைஃபோகல். மேற்பகுதியில் தொலைவுக்கான பவரும், கீழே கோட்டுக்கு உட்பட்ட சிறு பகுதியில் படிப்பதற்கான பவரும் இருக்கும். கணினித் திரை இருக்கும் இடைத்தொலைவுக்கு இதில் தனி இடம் இல்லை.

மூன்றாம் வகை புரோகிரெசிவ். பிரெஞ்சுப் பொறியாளர் பெர்னார் மெத்னாஸ் உருவாக்கிய வாரிலக்ஸ் லென்ஸ் 1959ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தபின் இவ்வகை பரவியது. இதில் கோடு இல்லை. மேலிருந்து கீழாகப் பவர் சிறிது சிறிதாகக் கூடிச் செல்கிறது. மேலே தொலைவு, நடுவே இடைத்தொலைவு, கீழே படிப்பு என மூன்றுக்கும் ஒரே லென்ஸில் இடம் உண்டு.

பக்கவாட்டு மங்கல் ஏன்?

புரோகிரெசிவ் லென்ஸின் நடுவே ஒரு குறுகிய பாதை உள்ளது. பவர் கூடுவது அந்தப் பாதை வழியாகத்தான். பாதையின் இருபுறமும் உருவம் சற்றுக் கோணலாகவும் மங்கலாகவும் தெரியும். இது தயாரிப்புக் குறையன்று. வடிவக் கணிதத்தின் விளைவு. பாதையில் பவர் எவ்வளவு விரைவாகக் கூடுகிறதோ, அதைப்போல் இருமடங்கு விரைவில் பக்கங்களில் கோணல் கூடும் என்று 1963ஆம் ஆண்டு மின்க்விட்ஸ் என்பவர் நிறுவினார். எந்த நிறுவனமும், எந்த விலையிலும், இந்த மங்கலை முற்றிலும் நீக்க இயலாது. மங்கலை எங்கே, எவ்வளவு மென்மையாகப் பரப்புவது என்பதில்தான் விலைகூடிய வடிவங்கள் வேறுபடுகின்றன.

இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. முதலாவது, கூடுதல் பவர் குறைவாக உள்ளபோது மங்கலும் குறைவு. ஆகவே 45 வயதில் பழகுவது எளிது. அறுபதில் முதன்முறையாக அணிவோருக்குச் சற்றுப் பொறுமை வேண்டும். இரண்டாவது, தேவைக்கு மேல் படிக்கும் பவர் எழுதப்பட்டால் தெளிவான பரப்பு வீணே குறுகிவிடும்.

யாருக்குப் பொருந்தும்?

ஆசிரியர், வங்கி ஊழியர், கடை நடத்துவோர் என அடிக்கடி தொலைவும் அருகும் மாறி மாறிப் பார்ப்பவர்களுக்கு இது பெரிதும் உதவும். நாள் முழுவதும் ஒரே தொலைவில் வேலை செய்யும் தையற்கலைஞருக்கு, அந்தத் தொலைவுக்கென அமைத்த எளிய கண்ணாடியே மேலானது. தலைக்கு மேலே கை உயர்த்தி வேலை செய்யும் மின்பணியாளருக்குப் படிக்கும் பவர் கீழே இருப்பதால் பயனில்லை. எட்டு மணி நேரம் கணினி முன் அமர்வோர் புரோகிரெசிவ் வழியே திரையைப் பார்க்க முகவாயைத் தூக்க வேண்டியிருக்கும். கழுத்து வலி வரும். அவர்கள் அலுவலகத்துக்கெனத் தனிக் கண்ணாடி ஒன்றை வைத்துக்கொள்வது நலம். உங்கள் தொழிலையும், திரை எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதையும் பரிசோதிப்பவரிடம் தவறாமல் கூறுங்கள்.

கீழ்க்கண்டோர் மருத்துவரிடம் கலந்து பேசிய பின்னரே முடிவு செய்ய வேண்டும்: தலைசுற்றல் நோய், பார்கின்சன் நோய், கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளோர், இரு கண்களின் பவருக்கும் பெரும் வேறுபாடு உள்ளோர், முன்பே கீழே விழுந்த முதியோர், கண் நீர் அழுத்த நோயால் கீழ்ப்பக்கப் பார்வையை இழந்தோர்.

எப்போது வாங்கக் கூடாது?

இரத்தச் சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் பவரும் மாறும். சர்க்கரை மிகுந்திருக்கும்போதோ, மருந்து தொடங்கிய முதல் வாரங்களிலோ வாங்கும் கண்ணாடி அடுத்த மாதம் பொருந்தாமற் போகலாம். சர்க்கரை கட்டுக்குள் வந்து சில வாரங்கள் நிலைத்தபின் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

கண்புரை அறுவை செய்ய நாள் குறித்துள்ளோர் இப்போது விலைகூடிய லென்ஸ் வாங்க வேண்டாம். அறுவைக்குப்பின் பவர் நிலைபெறப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். இரண்டாம் கண்ணுக்கும் விரைவில் அறுவை உண்டெனில், அதுவும் முடிந்தபின் வாங்குவதே சிக்கனம்.

கடையில் செய்யும் சோதனை போதுமா?

பல கடைகளில் இலவசக் கண் பரிசோதனை உண்டு. அங்கே நன்கு பயின்ற ஆப்டோமெட்ரிஸ்ட் பவரைச் சரியாகவே கண்டறியக்கூடும். ஆயினும் அது பவர் சோதனை மட்டுமே. கண் நீர் அழுத்த நோய் வலியின்றி, பக்கப் பார்வையை முதலில் அரித்துச் செல்வது. அதனால் நோய் முற்றும்வரை எழுத்துப் பலகையின் கடைசி வரியைக்கூட ஒருவர் படித்துவிடலாம். சர்க்கரையால் விழித்திரை கெடுவதும் தொடக்கத்தில் தெரியாது. இழந்த நரம்பைக் கண்ணாடியால் மீட்க இயலாது. எனவே நாற்பது வயதில் முதற்கண்ணாடி வாங்கும் நாளை, கண் அழுத்தமும் விழித்திரையும் பரிசோதிக்கும் நாளாகக் கொள்ளுங்கள். சர்க்கரை நோயாளிகள் ஆண்டுதோறும் விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

பிரேமும் அளவும்

முதலில் பிரேம், பிறகே அளவு. கண்மணியின் நடுவிலிருந்து பிரேமின் கீழ் விளிம்பு வரை போதிய உயரம் வேண்டும். வழக்கமான வடிவங்களுக்கு இது ஏறத்தாழ 18 மில்லிமீட்டர். ஒடுங்கிய பிரேமைத் தேர்ந்தால் படிக்கும் பகுதி வெட்டுப்பட்டுப் போகும். மூக்கில் வழுக்கி இறங்கும் பிரேமும் ஏற்றதன்று.

பிரேமை உங்கள் முகத்துக்கேற்பத் திருத்தியபின், மூக்கின் நடுவிலிருந்து ஒவ்வொரு கண்மணிக்கும் உள்ள தொலைவைத் தனித்தனியே அளக்க வேண்டும். கண்மணியின் உயரத்தையும் இரு கண்களுக்கும் தனித்தனியே குறிக்க வேண்டும். இவ்வளவுகளைக் கருவியாலும் எடுக்கலாம். தேர்ந்தவர் அளவுகோலும் பேனாவும் கொண்டும் எடுப்பார். ஆனால் பிரேமை அணிவிக்காமல் உயரத்தை அளக்க இயலாது. புகைப்படம் அனுப்பி இணையத்தில் வாங்குவதை முதன்முறை அணிவோருக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

சங்கிலிக் கடையா, தனிக் கடையா?

எந்தக் கடையையும் பெயர் சொல்லிப் பரிந்துரைப்பது மருத்துவரின் பணியன்று. மருத்துவமனை வளாகத்திலேயே கண்ணாடிக் கடை இருந்தாலும், அங்கேதான் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லை. மருந்துச்சீட்டைப் போலவே பவர் சீட்டும் உங்களுடையது. எங்கும் கொண்டு செல்லலாம்.

பல ஊர்களில் கிளை பரப்பிய நிறுவனங்களில் சில வசதிகள் உண்டு. விலைப்பட்டியலும், பழகாவிட்டால் மாற்றித் தரும் விதியும் பெரும்பாலும் எழுத்தில் இருக்கும். வேறு ஊருக்கு மாறினாலும் அங்குள்ள கிளையில் காட்டலாம். குறைகளும் உண்டு. ஊழியர் அடிக்கடி மாறுவர். அளவெடுத்தவர் கண்ணாடி வாங்கச் செல்லும் நாளில் இல்லாமற் போகலாம். லென்ஸுக்கு நிறுவனத்தின் சொந்தப் பெயர் இருந்தால், பிற கடையின் லென்ஸோடு விலையை ஒப்பிடுவது கடினம். "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" என்பதில் இரண்டாவது எந்த வகை லென்ஸ் எனக் கேட்க வேண்டும்.

தெருமுனையில் தலைமுறையாக நடந்துவரும் தனிக் கடையில், அளவெடுப்பவரும் பொருத்துபவரும் பின்னர்த் திருத்துபவரும் பெரும்பாலும் ஒருவரே. உங்கள் பழைய பவரும் பழக்கமும் அவருக்குத் தெரியும். பல நிறுவனங்களின் லென்ஸ்களிலிருந்து தேர்ந்து வரவழைக்கவும் அவரால் இயலும். ஆனால் உறுதிமொழி வாய்ச்சொல்லாகவே நின்றுவிடக்கூடும். சில கடைகளில் புரோகிரெசிவ் பொருத்திய அனுபவமே குறைவு.

ஆகவே கடையின் அளவைக் காட்டிலும், உங்கள் முகத்தில் பிரேமைத் திருத்தி அளவெடுப்பவரின் தேர்ச்சியே முதன்மையானது. விலைகூடிய லென்ஸையும் தவறான அளவு பயனற்றதாக்கிவிடும். எந்தக் கடையாயினும் பணம் செலுத்தும் முன் இவற்றைக் கேளுங்கள்:

1. அளவெடுப்பவர் யார்? புரோகிரெசிவ் கண்ணாடியை எத்தனை ஆண்டுகளாகப் பொருத்தி வருகிறார்?
2. லென்ஸின் நிறுவனப் பெயரும் வடிவப் பெயரும் இரசீதில் எழுதப்படுமா?
3. பழகாவிட்டால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தரப்படும்? பணம் திரும்புமா, வேறு லென்ஸ் மட்டுமா?
4. பின்னர் பிரேமைத் திருத்தக் கட்டணம் உண்டா?

பூச்சுகளிலும் கவனம் தேவை. ஒளித்தெறிப்பைக் குறைக்கும் பூச்சு, இரவில் வண்டி ஓட்டுவோருக்குப் பயன்படும். நீல ஒளியைத் தடுக்கும் லென்ஸ்கள் கணினியால் வரும் கண் களைப்பைக் குறைக்கும் என்பதற்கு, 2023இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சான்று எதையும் காணவில்லை. ஒரே கண்ணில் பார்வை உள்ளோர் எளிதில் உடையாத பாலிகார்பனேட் லென்ஸைக் கேட்டு வாங்க வேண்டும். அது அந்த ஒரு கண்ணுக்குக் காப்பு.

கண்ணாடியைப் பெறும்போது

புதிய லென்ஸின்மீது மையால் குறிகள் இருக்கும். அதை அழிக்கும் முன் ஒருமுறை அணிவித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதிலுள்ள கூட்டல் குறி உங்கள் கண்மணிக்கு நேரே நிற்க வேண்டும். மையை அழித்தபின்னும், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஒவ்வொரு லென்ஸிலும் 34 மில்லிமீட்டர் இடைவெளியில் இரு நுண்குறிகள் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். காதுப்பக்கக் குறியின் கீழ்ப் படிக்கும் கூடுதல் பவரும், மூக்குப்பக்கக் குறியின் கீழ்ப் பெரும்பாலும் தயாரிப்பாளரின் அடையாளமும் இருக்கும். அவை இரசீதோடு பொருந்துகின்றனவா எனச் சரிபாருங்கள்.

பழகும் காலம்

முதல் நாள் காலையிலேயே அணியத் தொடங்கி, நாள் முழுதும் அணியுங்கள். பழைய கண்ணாடியும் புதியதுமாக மாற்றி மாற்றி அணிந்தால் பழக்கம் தள்ளிப்போகும். பக்கவாட்டில் பார்க்க விழியை மட்டும் ஓட்டாமல் தலையைத் திருப்புங்கள். படியிறங்கும்போது முகவாயைத் தாழ்த்தி, லென்ஸின் மேற்பகுதி வழியே படியைப் பாருங்கள், கைப்பிடியைப் பற்றிக்கொள்ளுங்கள். முதல் சில நாள் வண்டி ஓட்ட வேண்டாம். பெரும்பாலோர்க்கு இரு வாரங்களில் பழகிவிடும்.

பழகாவிட்டால், குறை எங்குள்ளது என்பதை நீங்களே ஓரளவு கண்டுணரலாம். நேரே பார்க்கையில் தொலைவு மங்கி, தலையைக் குனிந்தால் தெளிந்தால், லென்ஸ் உயரமாகப் பொருந்தியுள்ளது. படிக்க முகவாயை மிகத் தூக்க வேண்டியிருந்தால், தாழ்வாகப் பொருந்தியுள்ளது. புத்தகத்தை ஒருபுறம் தள்ளிப் பிடித்தால்தான் தெளிகிறதெனில், கண்மணித் தொலைவில் பிழை இருக்கலாம். இவ்வாறு குறிப்பாகச் சொன்னால், கடையினர் மூக்குத் தாங்கியைத் திருத்தியோ லென்ஸை மாற்றியோ சரிசெய்ய இயலும்.

முதியோரைப் பேணுவோர் கவனத்துக்கு

படிக்கும் பவர் லென்ஸின் கீழ்ப்பகுதியில் இருப்பதால், நடக்கும்போது வாசற்படியின் விளிம்பு மங்கலாகத் தெரியும். முதுமையில் ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அதன்பின் பலரால் பழையபடி நடமாட இயலுவதில்லை. 2010இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றில், பலபவர்க் கண்ணாடி அணியும் முதியோருக்கு வெளியே நடப்பதற்கெனத் தொலைவுப் பவர் மட்டும் உள்ள தனிக் கண்ணாடி கொடுக்கப்பட்டது. அடிக்கடி வெளியே செல்வோர் விழுவது அதனால் குறைந்தது. வெளியே அதிகம் செல்லாதவர்களுக்கு அப்பயன் கிட்டவில்லை. அவர்கள் வெளியில் விழுவது கூடவே செய்தது. எனவே நாள்தோறும் கோயிலுக்கும் சந்தைக்கும் நடந்து செல்லும் பெரியவர் வீட்டில் இருந்தால், இத்தகைய இரண்டாம் கண்ணாடி குறித்து மருத்துவரைக் கேளுங்கள். வீட்டோடு இருப்பவருக்குப் பழகிய கண்ணாடியை மாற்றாதிருப்பதே நன்று. இரு சாராருக்கும் படிகளின் விளிம்பில் பளிச்சென்ற வண்ணப் பட்டை ஒட்டுவது உதவும்.

இறுதியாக, திடீரென ஒரு கண்ணில் பார்வை குறைதல், நேர்க்கோடு வளைந்து தெரிதல், மின்னல் வெட்டுவது போன்ற ஒளி, விளக்கைச் சுற்றி வண்ண வளையம், அடிக்கடி பவர் மாறுதல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் கண்ணாடிக் கடைக்குச் செல்லாதீர்கள். தாமதமின்றிக் கண் மருத்துவரிடம் வாருங்கள்.