முகப்பில் முதலில் எந்தக் கட்டம்?

மூட்டை குறைவு, எடை குறைவு, வண்டு விழுந்த பருப்பு என்று கடைகளிலிருந்து புகார் வராத மண்டி கிடையாது. இவற்றைத் துண்டுச் சீட்டில் எழுதாமல் ஜிராவில் பதிந்து வருகிறோம். 2002இல் சிட்னியில் தொடங்கிய அட்லாசியன் நிறுவனம் மென்பொருள் எழுதுவோருக்காகச் செய்தது இது, மண்டிக்கும் பொருந்துகிறது.

இதன் முகப்பான டாஷ்போர்டில் 'கேட்ஜெட்' எனும் கட்டங்களை நம் விருப்பப்படி வைக்கலாம், இழுத்து இடம் மாற்றலாம். வட்டப்படம் வைத்தால் பார்க்க அழகுதான். ஆனால் எந்தக் கடைக்காரர் பத்து நாளாகக் காத்திருக்கிறார் என்று அது சொல்லாது.

தீராத புகார்கள் மட்டும், பழையது மேலே வரும்படி தேடி, அதை ஒரு ஃபில்டராகப் பெயரிட்டுச் சேமியுங்கள். பிறகு 'ஃபில்டர் ரிசல்ட்ஸ்' கட்டத்தைச் சேர்த்து அந்தப் பெயரைக் கொடுங்கள். கடை, சரக்கு, பதிந்த தேதி, பொறுப்பாளர் ஆகிய நான்கு பத்திகள் போதும். கடைக்கும் சரக்குக்கும் தனிக் களங்களை முன்பே உண்டாக்கியிருக்க வேண்டும்.

அடுத்து, வந்த புகாரைச் சிவப்பிலும் தீர்ந்ததைப் பச்சையிலும் காட்டும் வரைபடம். சிவப்பு மேலே விலகினால் குடோனில் ஆள் போதவில்லை, அல்லது சரக்கு அனுப்பிய மில்லைக் கேட்க வேண்டும்.

முகப்பைக் கணக்குப்பிள்ளைக்குப் பகிரும்போது ஃபில்டரையும் பகிருங்கள். இல்லையேல் அவர் திரையில் கட்டம் இருக்கும், புகார் இருக்காது.