வாய்க்காலின் பிறந்த வீடு

முத்துசாமியும் சரசுவதியும் கணவன் மனைவி. உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறார்கள். அமராவதி வாய்க்காலின் கடைமடையில் அவர்களுக்கு ஓர் ஏக்கர் நிலம் உண்டு. போன வருடம் கடைமடை வரை தண்ணீர் எட்டவில்லை. பயிர் கருகியது.

சரசுவதி ஆறு மாதமாகக் கற்போர் மையத்துக்குப் போகிறார். முத்துசாமி போகவில்லை. "இந்த வயசில் எனக்கு எதுக்கு?" என்பார்.

மகளின் கல்யாணம் முடிந்தது. வீடு வெறிச்சென்று இருந்தது.

"ஏனுங்க, ஒரு நாள் எங்காவது போய் வரலாமுங்க" என்றார் சரசுவதி.

"சரி, மூணாறு மலைக்குப் போவோம்" என்றார் முத்துசாமி.

மலைப் பயணம்

காலையில் மூணாறு பேருந்தில் ஏறினார்கள். சின்னாறு காடு வந்தது. பிறகு மறையூர். அங்கே சந்தன மரங்கள் நின்றன. மேலே போகப் போகக் குளிர் அடித்தது. இரண்டு பக்கமும் தேயிலைத் தோட்டங்கள்.

மூணாறுக்கு முன்பே இரவிகுளம் தேசியப் பூங்காவின் வாசலில் இறங்கினார்கள். சீட்டு வாங்கினார்கள். வனத்துறை வண்டி அவர்களை ராஜமலைக்கு ஏற்றிச் சென்றது. அங்கிருந்து தார்ச் சாலையில் நடந்தார்கள்.

எங்கும் புல்மேடு. மடிப்பு மடிப்பாக மலை. பள்ளங்களில் மட்டும் மரங்கள் நெருக்கமாக நின்றன. மேலே ஆனைமுடி தெரிந்தது. அதன் உயரம் 2,695 மீட்டர். தென்னிந்தியாவில் அதைவிட உயரமான சிகரம் இல்லை.

சரசுவதி படித்தார்

திடீரென்று ஐந்தாறு ஆடுகள் சாலை ஓரம் வந்தன. பின்னால் வளைந்த கொம்புகள். செங்குத்தான பாறையில் அவை பயமில்லாமல் நின்றன. அவைதான் வரையாடுகள்.

முத்துசாமிக்கு ஆசை வந்தது. சட்டைப் பையில் இருந்த வேர்க்கடலையை எடுத்தார். கையை நீட்டினார்.

சரசுவதி பக்கத்தில் இருந்த பலகையைப் பார்த்தார். எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"வ-ன வி-லங்-கு-க-ளுக்கு உ-ண-வு கொ-டுக்-கா-தீர்-கள். ஏனுங்க, கையை எடுங்க! கொடுக்கக் கூடாதுன்னு எழுதியிருக்குதுங்க."

முத்துசாமி கையை மடக்கிக் கொண்டார். முகம் கொஞ்சம் சுருங்கியது. "ஒரு பிடி கடலையில் என்ன ஆகிடும்?" என்று கேட்டார்.

அங்கே வனக் காவலர் ஒருவர் நின்றிருந்தார். அவர் இந்த மலையில் வாழும் முதுவர் இனத்தவர். அவர் பேச்சு இவர்களுக்குப் புரிந்தது.

"அண்ணே, இது புல் தின்கிற பிராணி. நம்ம தீனி அதுக்கு ஒத்துக்காது. மனுசனைப் பார்த்தால் ஓட வேண்டியது, மனுசன் கையைப் பார்த்து நிற்கும். நல்லவன் கை எது, வேட்டைக்காரன் கை எது என்று அதுக்குத் தெரியுமா?" என்றார் காவலர்.

சும்மா கிடக்கும் பூமியா?

முத்துசாமி புல்மேட்டைப் பார்த்தார். "இவ்வளவு பூமி சும்மா கிடக்குதே! உழுது போட்டால் எத்தனை பேர் பிழைக்கலாம்?" என்றார்.

காவலர் சிரித்தார். "உங்களுக்கு எந்த ஊர்?"

"உடுமலைப் பக்கம். அமராவதிப் பாசனம்."

"அப்படியானால் இந்தப் பூமி உங்களுக்காகத்தான் வேலை செய்யுது" என்றார் காவலர்.

அவர் விளக்கிச் சொன்னார். ஆடி மழை இங்கே கொட்டும். புல்லின் வேர் மண்ணைக் கெட்டியாகப் பிடித்துக் கொள்ளும். மண் பஞ்சு மாதிரி தண்ணீரை உறிஞ்சும். பள்ளத்தில் உள்ள சோலை மரங்கள் அதைக் காக்கும். மழை நின்ற பிறகும் அந்தத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். ஓடையாக ஓடும்.

மேற்குப் பக்கம் இறங்கும் நீர் பெரியாற்றில் சேரும். கிழக்குப் பக்கம் இறங்கும் நீர் பாம்பாற்றில் சேரும். பாம்பாறு மறையூர் வழியாகப் போய் அமராவதி அணையை நிரப்பும். அமராவதி கரூர்ப் பக்கம் காவிரியில் கலக்கும்.

"புல்லைக் கிளறி உழுதால் மழையில் மண் கரைந்து போகும். ஒரே நாளில் வெள்ளம் வரும். அப்புறம் ஆறு காயும். கடைமடைக்கு என்ன மிஞ்சும்?" என்று கேட்டார் காவலர்.

முத்துசாமி பதில் பேசவில்லை. குனிந்து ஒரு கைப்பிடி புல்லைத் தொட்டுப் பார்த்தார். வேர் ஈரமாக இருந்தது.

திரும்பும் வழியில்

மாலையில் பேருந்து சின்னாறு காட்டைத் தாண்டியது. கீழே ஆறு ஓடியது.

"இந்தத் தண்ணிதான் நம்ம வாய்க்காலுக்கு வருது" என்றார் முத்துசாமி. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "அந்தப் பலகையில் வேறு என்ன எழுதியிருந்தது?"

"நாளைக்குச் சாயங்காலம் மையத்துக்கு வாங்க. நீங்களே படிக்கலாம்" என்றார் சரசுவதி.

தெரிந்து கொள்வோம்

* இரவிகுளம் கேரளத்தில் இடுக்கி மாவட்டத்தில் உள்ளது. பரப்பு 97 சதுர கிலோமீட்டர். 1975-இல் சரணாலயம் ஆனது. 1978-இல் தேசியப் பூங்கா ஆனது.
* வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு. தமிழ்நாடு, கேரள மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் அது காடுகளில் இல்லை.
* நீலக்குறிஞ்சி இங்கே 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை பூக்கும். 2018-இல் பூத்தது. அடுத்து 2030-இல் பூக்க வேண்டும்.
* வரையாடு குட்டி போடும் காலத்தில் பூங்காவை மூடி விடுவார்கள். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் போக நினைத்தால் முன்பே விசாரித்துச் செல்லுங்கள். பிளாஸ்டிக் பைகளைக் கொண்டு போகாதீர்கள்.

பதில் சொல்லுங்கள்

1. வரையாட்டுக்கு ஏன் தீனி கொடுக்கக் கூடாது?
2. புல்மேட்டை உழுதால் கடைமடை விவசாயிக்கு என்ன நட்டம்?
3. பாம்பாற்றுத் தண்ணீர் எந்த அணைக்குப் போகிறது?

செய்து பாருங்கள்

உங்கள் ஊருக்குத் தண்ணீர் எந்த மலையிலிருந்து, எந்த ஆற்றில் வருகிறது? பெரியவர்களிடம் கேளுங்கள். நான்கு வரி எழுதி மையத்தில் படித்துக் காட்டுங்கள்.